கோரிப்பாளையம் சிக்னல் வரைக்கும்

ஆணுறை கிழிந்திருந்ததைப் பார்த்தபோது மணி இரவு 11.45. சனிக்கிழமை, தை மாசக் கடைசி. நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அடுத்த மூன்று மாதம் நான் காலண்டரைப் பார்க்கவில்லை. அந்த 11.45-லிருந்து எத்தனை மணி நேரம், எத்தனை நாள் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு 30 வயது. மதுரை கீழமாசி வீதிப் பக்கம் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். அன்று என்னோடு இருந்தவர் தொழில் வழியில் பழக்கமானவர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர், கணவரைப் பிரிந்து வாழ்பவர். இரண்டு பேரும் விரும்பித்தான் சந்தித்தோம். அதற்கு மேல் அவரைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. ஆனால் கடைசியில் அவர் சொன்ன ஒரு விஷயத்தை எழுதித்தான் ஆகவேண்டும். அதற்கு அவரிடம் கேட்டுவிட்டேன்.

அன்று இரவு நான் ஒன்றும் பேசவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பச்சைத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக் குளித்தேன். ஞாயிறு மத்தியானம் அவர் இரண்டு முறை கூப்பிட்டார், எடுக்கவில்லை. சாயங்காலம் அவர் நம்பரை பிளாக் செய்தேன். அப்போது எனக்கு அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

ஞாயிறு இரவு போனில் தேடும்போதே அந்த 72 மணி நேரக் கணக்கு கண்ணில் பட்டுவிட்டது. ஹெச்.ஐ.வி கிருமி உடம்புக்குள் போயிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கலாம். 28 நாள் தினமும் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி தாண்டினால் பலனில்லை. தேவையா இல்லையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். ஆனால் முடிவு செய்ய அவர் முன்னால் நாம் போய் உட்கார வேண்டும்.

எனக்கு அந்தக் கெடு செவ்வாய்க்கிழமை இரவு 11.45. திங்கள் முழுக்கக் கடையில் பில் போட்டேன். செவ்வாய் சாயங்காலம் ஆறு மணிக்கு முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். சிம்மக்கல் தாண்டி, ஆல்பர்ட் விக்டர் பாலம் ஏறி, கோரிப்பாளையம் சிக்னலில் தேவர் சிலைக்கு முன்னால் நின்றேன். அங்கிருந்து பனகல் சாலையில் திரும்பினால் பெரியாஸ்பத்திரி, இரண்டு நிமிஷம்கூட ஆகாது. ஆஸ்பத்திரிக்கு எதிரே மருந்துக் கடை ஒன்றில் எங்கள் தெருப் பையன் வேலை பார்ப்பது அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வந்தது. என்னைப் பார்த்தால் "என்னண்ணே, யாருக்கு முடியல?" என்று கேட்பான். அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசிப்பதற்குள் பச்சை விழுந்து, பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். வந்த வழியே திரும்பிவிட்டேன். பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு, தண்ணீரில்லாத வைகையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவனின் கேள்விக்குப் பதில் இல்லை என்பதற்காக, ஏதாவது செய்ய முடிகிற மூன்று நாளை விட்டுவிட்டேன். செய்ய ஒன்றுமில்லை என்று ஆன பிறகு, இரவெல்லாம் போனும் கையுமாகக் கிடந்தேன்.

ஒன்பதாவது நாள், ஆள் அடையாளம் தெரியாத ஏரியாவாகப் பார்த்து ஒரு தனியார் லேபுக்குப் போனேன். வரவேற்பில் இருந்தவர், பின்னால் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கும்போது, "ஹெச்.ஐ.வி-க்கா சார் குடுக்கணும்?" என்று சத்தமாகக் கேட்டார். ஏன், எப்போது என்று யாரும் விசாரிக்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள், சாயங்காலம் 'நெகட்டிவ்' என்று தாளைக் கொடுத்தார்கள். அன்று இரவு மட்டும் தூங்கினேன். மறுநாளே தெரிந்துவிட்டது, ஒன்பதாம் நாள் எடுக்கிற டெஸ்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று. கிருமி நுழைந்தாலும் சோதனையில் தெரிய நாள் பிடிக்கும். 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஹெச்.ஐ.வி சட்டம், சம்மதம் வாங்காமல் சோதிக்கக்கூடாது, ரகசியம் காக்க வேண்டும் என்றெல்லாம் சொல்கிறது. அந்த ஐந்து நிமிஷத்தில் சட்டமும் இல்லை, ஆலோசனையும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் வந்தது. மதுரையில் அந்த மாசம் யாருக்குத்தான் காய்ச்சல் வரவில்லை? எங்கள் கடையிலேயே மூன்று பேர் லீவு. ஆனால் எனக்கு அது அந்தக் காய்ச்சலாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் காய்ச்சல், தொண்டை வலி, தோலில் தடிப்பு, கழுத்தில் நெறி கட்டுதல் வரலாம் என்று படித்திருந்தேன். பாத்ரூமில் நின்று கழுத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்ததில், அமுக்கிய இடமே வீங்கிவிட்டது. நாக்கை நீட்டி செல்போன் டார்ச் அடித்துப் பார்ப்பேன். ரயில்வே ஜங்ஷனுக்குப் போய் எடை மெஷினில் ஏறி நிற்பேன். நாலு கிலோ குறைந்திருந்தது. சாப்பிடாதவனுக்கு எடை குறையும் என்கிற சின்ன விஷயம்கூட அப்போது தோன்றவில்லை.

அம்மா தினமும் கேட்டார்கள். "என்னய்யா, ஒரு மாதிரியாவே இருக்க? சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருக்க?" அம்மா குடித்த டம்ளரை நான் எடுக்கமாட்டேன். நான் குடித்ததை உடனே கழுவிக் கவிழ்த்துவிடுவேன். எச்சிலாலோ, டம்ளராலோ, தட்டாலோ, கொசுவாலோ பரவாது என்று எனக்குப் பாடமாகத் தெரியும். தெரிந்திருந்தும் கை அதைத்தான் செய்தது.

கைக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்திருக்கிறேன். எங்கள் சொந்த ஊர் வாடிப்பட்டிப் பக்கம். நான் ஆறாவது படிக்கும்போது, தெருக்கோடியில் லாரி ஓட்டும் ஒரு மாமா இருந்தார். வடக்கே லோடு ஏற்றிப் போய்விட்டு வரும்போது எங்களுக்குப் பேடா வாங்கி வருவார். திடீரென்று மெலிந்துபோனார். அவரை வீட்டுத் திண்ணையில் போட்டுவிட்டார்கள். பக்கத்தில் ஒரு அலுமினியத் தட்டு, ஒரு டம்ளர். டம்ளரின் விளிம்பில் ஒரு சொட்டை இருக்கும். அவருடைய மனைவி சொம்பை உயர்த்திப் பிடித்து, டம்ளரில் படாமல் கஞ்சியை ஊற்றுவார். நாங்கள் பிள்ளைகள் அந்தத் திண்ணையைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். அதே வருஷங்களில்தான் "புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று ஊரெல்லாம் விளம்பரம் வந்தது. பேசவே கூசிய ஒரு விஷயத்தை ஊர் வாய்க்குக் கொண்டுவந்தது அந்த விளம்பரம், அதை மறுக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் அது ஒருவனைக் கேலி செய்கிற பேராகத்தான் இருந்தது. மாமாவின் மகனுக்கு அந்தப் பேரை வைத்தோம். நானும் கூப்பிட்டிருக்கிறேன்.

மாமா 2003 ஆடியில் இறந்தார். 2004 ஏப்ரல் 1-ம் தேதி மத்திய அரசு ஹெச்.ஐ.வி-க்கான கூட்டு மருந்தை (ஏ.ஆர்.டி) இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. மாமா போய் எட்டு மாதம் தள்ளி. இன்று ஏ.ஆர்.டி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், வயசாகிறார்கள். ரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், அவரிடமிருந்து உடலுறவு வழியாக இன்னொருவருக்குப் பரவுவதில்லை. 2016-லும் 2019-லும் வெளியான பெரிய ஆய்வுகள் இதைத் தம்பதிகளிடமே பார்த்து உறுதி செய்தன. எனக்கு 30 வயதில் வந்த பயம் முழுக்க அந்தத் திண்ணையைப் பற்றியது. இருபது வருஷத்தில் மருந்து மாறியிருந்தது, என் தலைக்குள் இருந்த டம்ளர் மாறவில்லை.

26-ம் நாள்தான் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். காலையிலேயே, ஹெல்மெட்டைக் கழற்றாமல் நடந்தேன். ஹெச்.ஐ.வி ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கிற இடத்துக்கு இங்கே 'நம்பிக்கை மையம்' என்று பெயர். வாசலில் பெஞ்ச். அங்கே உட்கார்ந்தால் பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு போனவன், பெஞ்சைப் பார்த்து நின்றுவிட்டேன். வளையல் போட்ட கர்ப்பிணிப் பெண்கள் இரண்டு பேர், மாமியாரோடு. ஆபரேஷனுக்கு முன்னால் எடுக்கச் சொன்னார்கள் என்று ஒரு பெரியவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. காசநோய்ப் பிரிவிலிருந்து அனுப்பப்பட்ட ஒரு பையன். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இந்தச் சோதனை உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மாமியார் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். "உக்காருப்பா, லேட்டாகும்" என்றார்.

உள்ளே ஆலோசகர் ஒரு அம்மா, நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். "கதவைச் சாத்திட்டு உக்காருங்க தம்பி" என்றார். மேசையில் ஒரு மரத்தாலான ஆணுறுப்பு மாதிரி, அதன் பக்கத்தில் கண்ணாடிக் கூடு, டீ டம்ளர். சுவரில் 1097 என்று இலவசத் தொலைபேசி எண். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்லணும்னு இல்ல. கேக்குறதுக்கு மட்டும் சொன்னா போதும்."

சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. அதைத்தான் நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். எழுதி முடித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "ஆணுறையை எங்க வெச்சிருந்தீங்க?"

"பர்ஸ்ல மேடம்."

"எவ்வளவு நாளா?"

ஏழெட்டு மாசம் இருக்கும் என்றேன். பின்பாக்கெட்டில், மதுரை வெயிலில், வண்டி சீட்டில் அழுந்தி. சூடும் உரசலும் ரப்பரைப் பாழாக்கிவிடும் என்றார். எண்ணெய், வாஸ்லின் பட்டாலும் அப்படித்தான். டிராயரிலிருந்து கவர் பிரிக்காத ஆணுறை ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "அமுக்கிப் பாருங்க. காத்து இருக்கா?" சின்னத் தலையணை மாதிரி உள்ளே காற்று நகர்ந்தது. காற்று இல்லாவிட்டால் கவரில் எங்கோ ஓட்டை, தூக்கிப் போட்டுவிட வேண்டும். தேதியைப் பார்க்க வேண்டும், பல்லால் கிழிக்கக்கூடாது, நுனியைக் கிள்ளிப் பிடித்துக் காற்றை வெளியேற்றிய பிறகுதான் மாட்ட வேண்டும். அந்த மர மாதிரியில் செய்து காட்டி, என்னையும் செய்ய வைத்தார். ஒரு பட்டதாரிக்கு 30 வயதில் முதல் முறையாக இதை ஒருவர் சொல்லித் தருகிறார் என்று நினைத்தபோது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதைப் பார்க்காத மாதிரி டீயை எடுத்துக்கொண்டார்.

அப்புறம்தான் கணக்கு. "அவங்களுக்குக் கிருமி இருக்கான்னே நமக்குத் தெரியாது. நம்ம நாட்டுல பெரியவங்கள்ல ஐந்நூறு பேருக்கு ஒருத்தர்ங்கிற அளவுதான். சரி, இருக்குன்னே வெச்சுக்குவோம், மருந்தும் எடுக்கலைன்னு வெச்சுக்குவோம். அப்பக்கூட, ஆணுறையே இல்லாம ஒரு தடவை உறவு வெச்சா ஆம்பளைக்குப் பரவுறது சராசரியா 10,000-ல நாலு. புண்ணு இருந்தா, வேற பால்வினை நோய் இருந்தா கூடும். பொம்பளைக்கு அதே உறவுல 10,000-ல எட்டு." அந்த எட்டைச் சொல்லும்போது பேனாவால் மேசையில் ஒரு தட்டு தட்டினார். "ஆபத்து அவங்களுக்குத்தான் ரெண்டு மடங்கு." எனக்கு நாலுதான் காதில் விழுந்தது.

72 மணி நேரத்தைப் பற்றிக் கேட்டேன். "மூணு நாளுக்குள்ள வந்திருந்தா டாக்டர்கிட்ட கேட்டிருக்கலாம். உங்களுக்குக் குடுத்திருப்பாங்களான்னு நான் சொல்ல முடியாது. அவர் எடைபோட்டுப் பார்த்துத்தான் சொல்லுவாரு. ஆனா கேட்டிருக்கலாம் தம்பி." அவ்வளவுதான் சொன்னார், திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அவங்ககிட்ட பேசுனீங்களா?"

"இல்ல மேடம்."

"பேசுங்க. முடிஞ்சா அவங்களையும் வரச் சொல்லுங்க."

தலையாட்டினேன். செய்யவில்லை.

அன்றைய முடிவு நெகட்டிவ். அறிகுறியை வைத்து யாராலும் சொல்ல முடியாது, சோதனை மட்டும்தான் சொல்லும் என்றார். அங்கே செய்கிற விரைவுச் சோதனைக்கு மூன்று மாதம் முடிந்து ஒருமுறை வந்தால் உறுதி. கிருமியின் புரதத்தையும் சேர்த்துத் தேடுகிற நான்காம் தலைமுறைச் சோதனை லேபில் எடுத்தால் 45 நாளிலேயே தெரிந்துவிடும். சிபிலிஸ் என்கிற பால்வினை நோய்க்கும் ரத்தம் பார்த்தார்கள், அதுவும் இல்லை.

45-ம் நாள் அதையும் எடுத்தேன். நெகட்டிவ். படியிறங்குவதற்குள் அடுத்த சந்தேகம் வந்துவிட்டது, ரத்தத்தை மாற்றி வைத்திருப்பார்களோ, என் உடம்பு மட்டும் விதிவிலக்கோ என்று. மறுபடி பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன். அந்த அம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, உங்களுக்கு வேண்டியது டெஸ்டா, தண்டனையா? தண்டனைன்னா இங்க கிடைக்காது." மனநலப் பிரிவில் ஒரு டாக்டரைப் பார்க்கச் சொன்னார். போனேன். மூன்று முறை. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன்: தப்பு செய்துவிட்டோம், அதனால் நோய் வந்தே தீரும் என்று மனசுக்குள் ஒரு தீர்ப்பை எழுதிவிட்டு, அதற்குச் சாட்சி தேடித்தான் நான் நாக்கையும் கழுத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிச் சோதனை மூன்று மாதம் கழித்து, சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்த நேரம். மாசி வீதியெல்லாம் பந்தல். ரிப்போர்ட்டை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் பருத்திப்பால் வாங்கிக் குடித்தேன். டம்ளரை வாயில் வைத்துத்தான் குடித்தேன்.

அந்த இருபது வருஷத்துத் திண்ணையை நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், கஞ்சியை உயர்த்தி ஊற்றிய அத்தையின் கை ஞாபகம் வந்தது. அத்தையையும் யாராவது சோதித்தார்களா? அவருக்குப் பயம் இருந்ததா? ஊரில் ஒருவர்கூட அதைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவிலேயே முதன்முதலாக இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தது பாலியல் தொழில் செய்த பெண்களின் ரத்தத்தில். அந்தப் பெண்களுக்கு யாரிடமிருந்து வந்தது என்று யார் கேட்டார்கள்? நோய் பெண்ணிடமிருந்து வருகிறது என்று மட்டும் மனசில் பதிந்துவிட்டது. படித்தவன் என்று சொல்லிக்கொள்கிற நானும் மூன்று மாதம், அன்று என்னோடு இருந்தவரை ஒரு தொற்றாகத்தான் நினைத்தேன். ஒரு தடவைகூட, அவருக்கும் அதே இரவு 11.45 தானே என்று தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் பிளாக்கை எடுத்துவிட்டுக் கூப்பிட்டேன். எடுக்கமாட்டார் என்று நினைத்தேன். எடுத்தார். நான் மன்னிப்பைச் சுற்றி வளைத்து இழுத்துக்கொண்டிருந்தேன். அவரே நிறுத்தினார்.

"எனக்கும் தெரியும், கிழிஞ்சிருச்சுன்னு. உங்க மூஞ்சியப் பார்த்தே தெரிஞ்சுகிட்டேன். திங்கட்கிழமை காலைலயே பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டேன். எனக்கு நெகட்டிவ். அதுக்கு முன்னாடி ஒன்றரை வருஷமா எனக்கு யாரோடயும் எதுவும் கிடையாது. அதனால என்னால உங்களுக்கு வர வாய்ப்பில்லன்னு அங்க இருந்த அம்மா சொன்னாங்க."

திங்கட்கிழமை. நான் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த நாள். என்னுடைய 72 மணி நேரத்தில் பாதி மிச்சமிருந்த நேரம்.

"உங்களப் பத்தித்தான் எனக்கு ஒண்ணும் தெரியாது. உங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. நீங்க பயந்துக்கிட்டு இருப்பீங்கன்னு ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து அனுப்புனேன். ஒரு டிக்தான் வந்துச்சு. அப்புறம் நானும் மூணு மாசம் எண்ணிக்கிட்டே இருந்தேன்."

அவருக்கு மறுபடி சோதிக்க வேண்டிய தேதி அடுத்த நாள். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். ஒன்பது மணி என்றார். நானும் வரட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கோரிப்பாளையத்துல இறங்கிக்கிறேன், அங்க நில்லுங்க" என்றார்.